கோழிக்கு எழுதுன பெறுமதி

எங்க கோழி ஒண்ணு ஜெர்மனியில மாட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. உசுருள்ள கோழி இல்ல, துணியில தச்ச கோழி. அது அங்க மாட்டுனதுக்கு நான்தான் காரணம். அத எப்பிடி வெளிய எடுத்தோம்னு சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. நான் ஒம்பதாம் ஆண்டோட பள்ளிக்கூடத்த விட்டு நின்னவ. எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க, பேசுற மாதிரிதான் எனக்கு எழுத வரும்.

எங்க லயம், வரிசையாக் கட்டுன தோட்டத்து லைன் வீடு, றொசல்ல ஸ்டேசனுக்கு மேல இருக்கு. அம்மா மலைக்குப் போயி தேயிலக் கொழுந்து எடுக்குது. அப்பா நான் சின்னதுல இருக்கும்போதே போயிட்டாரு. புள்ளைங்கன்னா அக்காவும் நானும்தான். அக்காவக் கட்டுன மச்சானுக்கு ஊரு பொல்பிட்டிய பக்கம். கல்யாணம் முடிஞ்சதும் இங்கயே வந்து தங்கிட்டாரு, த்ரீவீல் ஓட்டுறாரு. வீட்டோட மாப்பிள்ளைன்னு லயத்துல கிண்டல் பண்ணுவாங்க. அதுக்கு அக்கா, "அவரு வீட்டோட மாப்பிள்ள இல்ல, த்ரீவீலோட மாப்பிள்ள. குளிருன்னா எனக்கு முன்னாடி அதுக்குத்தான் போத்திவிடுறாரு"ன்னு சொல்லும். மச்சான் கோவிக்க மாட்டாரு. "அது ஒன்ன மாதிரி வாய் பேசுறதில்லையே"ன்னு மட்டும் சொல்லுவாரு.

அக்கா கொஞ்ச காலம் கார்மெண்ட்ல வேல செஞ்சிட்டு, ஒரு பழைய தையல் மிசினோட வீட்டுக்கு வந்துச்சு. மொதல்ல சட்ட, பாவாடதான் தச்சுக் குடுத்துச்சு. துணி மிருகம் தைக்க ஆரம்பிச்சது ஒரு ஆட்டாலதான். பக்கத்து காம்பராவுல ஒரு சித்தி இருக்கு. சொந்தச் சித்தி இல்ல, கூப்பிடுறதுதான். அந்தச் சித்தியோட ஆடு கொடியில காஞ்ச துணியெல்லாம் மேயும். ஒரு நாள் அம்மாவோட தீபாவளிச் சீலையில முந்தானைய மட்டும் தின்னுட்டுப் போயிருச்சு. மலையில இருந்து வந்த அம்மா பாதிச் சீலையக் கையில புடிச்சுக்கிட்டு, "நூல் சீல எத்தன தொங்குது, இந்த சனியனுக்கு நைலெக்ஸ்தான் கேக்குதா"ன்னு வாசல்ல நின்னு சத்தம் போட்டுச்சு.

அக்கா மிச்சச் சீலைய எடுத்து அந்த ஆட்டையே தச்சிருச்சு. ஒரு கொம்பு நேரா, ஒரு கொம்பு வளஞ்சு, வாயில ஒரு துண்டு துணி தொங்குற மாதிரி. சித்தி வந்து பாத்துட்டு, "எங்க ஆடுதான்டி. அந்தத் திருட்டு முழி அப்பிடியே இருக்கு"ன்னு சொல்லுச்சு. அம்மா கூட சிரிச்சிருச்சு.

நான் அந்த ஆட்டையும் துணி ஆட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு போன்ல வீடியோ புடிச்சேன். நெசமான ஆடு துணி ஆட்டோட காத நக்குச்சு, பொறவு அதையும் திங்கப் பாத்துச்சு. சும்மாதான் போட்டோம். எங்க இருந்தெல்லாமோ ஆளுங்க பாத்தாங்க. வெளிநாட்டுல இருந்து ஒருத்தவங்க இத வாங்கலாமான்னு கேட்டாங்க. அப்பிடி ஆரம்பிச்சதுதான். அக்கா தைக்கும், நான் வீடியோ எடுப்பேன், பொட்டியில கட்டுவேன், வாங்குறவங்களோட பேசுவேன். பேசுறதுன்னா என்ன, அவங்க அவங்க பாஷையில எழுதுவாங்க, போன் தமிழாக்கும். நான் தமிழ்ல எழுதுனா போன் அங்க மாத்திக் குடுக்கும். சல்லி பேங்குக்கு வந்துரும்.

லயத்துல இருக்குற ஒரு மிருகத்தையும் அக்கா விட்டு வைக்கல. காலு நொண்டுற நாயி, தொழுவத்துல படுத்தே கெடக்குற மாடு, கோயில் கூரையில இருக்குற கொரங்கு. எல்லாம் பழைய சீலதான், உள்ளுக்கு வெட்டுத்துணி. எதுவுமே அழகா சிரிக்காது. "நம்ம நாயி என்னைக்குச் சிரிச்சுச்சு? வெள்ளக்காரங்களுக்காக இப்பச் சிரிக்கச் சொல்றியா"ன்னு அக்கா கேக்கும்.

மொத ஆட்ட அனுப்ப அட்டன் டவுனுக்குப் போனோம். அங்க வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்புற சின்னக் கடை ஒண்ணு இருக்கு. ஒரு தராசு, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மிஸ். மிஸ் சிங்களம், தமிழும் அரைகொறையா பேசுவாங்க. பக்கத்து காம்பரா சித்தியும் கூட வந்துச்சு. "எங்க ஆட்ட வழியனுப்ப நான் வர வேணாமா"ன்னு கேட்டுச்சு, எப்பிடி வேணாம்னு சொல்றது.

மிஸ் பொட்டிய நிறுத்துட்டு, "கீயத நங்கி வட்டினாகம?"ன்னு கேட்டாங்க. சாமானோட பெறுமதி எவ்வளவு தங்கச்சின்னு கேக்குறாங்க. அத எழுதுனாத்தான் அந்த நாட்டுக் கஸ்டம்ஸ்ல விடுவாங்க. அந்த அளவுக்குத்தான் இன்சூரன்ஸும் போடுவாங்க, பொட்டி தொலைஞ்சா அவ்வளவுதான் கெடைக்கும்.

அக்கா, "ரெண்டாயிரத்தி ஐநூறு"ன்னு சொல்லுச்சு.

நான் திரும்பிப் பாத்தேன். வித்தது அஞ்சாயிரத்துக்கு.

வெளிய வந்து, சித்தி வெத்தல வாங்கப் போன நேரத்துல, "ஏன்க்கா பாதி சொன்ன?"ன்னு கேட்டேன்.

"வாயில தன்னால வந்துருச்சுடி. சித்தி பக்கத்துல நிக்கிது பாத்தியா. அந்தக் காதுக்கு முன்னால முழு வெலையும் சொன்னா ஆடு பிளேன் ஏறுமா?"

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இது தெரியும். லயத்துல யாரும் எந்தச் சாமானுக்கும் முழு வெல சொல்ல மாட்டாங்க. புதுச் சீல என்ன வெலன்னு கேட்டா பாதி சொல்லணும். புது போனா, பாதி. அலுமாரியா, பாதிக்கும் கொறச்சு. கண்ணுபட்டுரும்னு பயம். இதுல பொய்யும் இல்ல, ஏன்னா கேக்குறவங்களுக்கும் தெரியும், மனசுக்குள்ளயே ரெட்டிச்சுக்குவாங்க. முழு வெலைய யாராச்சும் சொல்லிட்டா, அவ என்னமோ லட்சத்துல வாங்குன மாதிரி ஊரு பேசிரும். அதனால அக்கா சொன்னதுல எங்களுக்குத் தப்பே தெரியல. சித்தி வராத நாள்லயும் பாதிதான் சொல்லிக்கிட்டு இருந்தோம். நாயி பாதி, மாடு பாதி, கொரங்கு பாதி.

பொறவு அவுஸ்திரேலியாவுக்குப் போன ஒரு ஆடு காணாமப் போயிருச்சு. எங்க போச்சுன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியல. மிஸ் எங்களக் கூப்பிட்டு இன்சூரன்ஸ் சல்லியக் குடுத்தாங்க. ரெண்டாயிரத்தி ஐநூறு.

"மிஸ், இத நாங்க அஞ்சாயிரத்துக்கு வித்தோம்"னு அக்கா சொல்லுச்சு.

"பின்ன ஏன் நங்கி ரெண்டாயிரத்தி ஐநூறு எழுதுனது?"

அக்கா சிங்களத்துல கண்ணூறு கதையச் சொல்லப் பாத்துச்சு. மிஸ்ஸுக்கு உடனே புரிஞ்சிருச்சு. "ஏஸ்வஹ"ன்னு சொல்லித் தலையில அடிச்சுக்கிட்டாங்க. அவங்க பாஷையில கண்ணூறுக்கு அதுதான் பேராம். "எங்க வீட்டுலயும் இருக்கு, நங்கி. எங்கம்மா புது வீட்டுக்கே பூசணிக்கா கட்டிச்சு. ஆனா இந்த கம்ப்யூட்டருக்குக் கண்ணு இல்ல. வித்த வெல என்னமோ அதத்தான் சொல்லணும். கூடவும் வேணாம், கொறச்சும் வேணாம்."

பஸ்ஸுல வரும்போது அக்கா அந்த ரெண்டாயிரத்தி ஐநூறையும் விரிச்சுப் பாத்துட்டு, "ஆட்டுல பாதி திரும்பி வந்திருக்கு. தலைப்பாதியா வால்பாதியான்னுதான் தெரியல"ன்னு சொல்லுச்சு. நான் சிரிச்ச சிரிப்புல முன் சீட்டுல இருந்த ஆளு எந்திரிச்சு வேற எடத்துக்குப் போயிட்டாரு. அவுஸ்திரேலியாக்காரங்களுக்கு அக்கா வேற ஆடு தச்சு அனுப்புச்சு. அதுல இருந்து வித்த வெலையத்தான் எழுதுனோம்.

எங்ககிட்ட வாங்குனவங்கள்ல ஜெர்மனியில ஒரு அம்மா இருந்தாங்க. வயசானவங்க, தனியா இருக்காங்க. ஒரு ஆடு வாங்குனாங்க, அதுக்குத் தொணைக்கு ஒரு நாயி, நாயிக்குப் பயந்து ஓடுறதுக்கு ஒரு கொரங்கு. அப்பிடி ஒண்ணொண்ணா வாங்கி ஜன்னல்ல அடுக்கி வச்சிருந்தாங்க. ஒரு நாள் வீடியோவுல ஓரமா எங்கம்மாவோட கோழி போறதப் பாத்துட்டாங்க. கழுத்துல மயிரே இல்லாத ஜாதிக் கோழி. செவப்பா வெறுங்கழுத்து, கீழ மட்டும் எறகு. ஏதோ குளிச்சிட்டு துண்டு கட்டிட்டு வர்ற மாதிரி இருக்கும். "இந்த மனிதர் யார், இவர் எனக்கு வேண்டும்"னு எழுதியிருந்தாங்க. போன் அப்பிடித்தான் தமிழாக்கும். சல்லியையும் முன்னாடியே அனுப்பிட்டாங்க. ஆறாயிரத்தி ஐநூறு.

அக்கா அந்தக் கோழிய ரசிச்சு ரசிச்சுத் தச்சுச்சு. கழுத்துக்கு அம்மாவோட செவப்பு ரவிக்கத் துணி. ஒடம்புக்கு அக்காவோட சொந்தச் சீல, தவிட்டுக் கலர்ல. ஒரு கால் மட்டும்தான் பாக்கி.

அப்பத்தான் அக்காவுக்குக் காச்சல் வந்துச்சு. சாதாரணக் காச்சல்னு நெனச்சோம். மச்சான் த்ரீவீல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஏறும்போது, "கோழிக்கு நீ கால வச்சிராத, நான் வந்து வைக்கிறேன். நீ வச்சா அது நொண்டும்"னு எங்கிட்ட சொல்லுச்சு. அக்கா வரல.

இதுக்கு மேல அதப்பத்தி எழுத எனக்குத் தெரியல. காம்பராவுல மிசின் இருந்துச்சு, அதுக்கு மேல கோழி ஒத்தக் கால்ல சாஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மச்சான் பேசுறதையே விட்டுட்டாரு. காலையில போவாரு, பொழுதுபட வருவாரு, சோத்தத் திம்பாரு. லயத்துல யாரும் அவரக் கிண்டல் பண்ணல. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.

ஜெர்மனி அம்மா எடையில எடையில எழுதுவாங்க. கோழி எப்பிடி இருக்கு, அவசரம் இல்லன்னு. நான் அக்கா மாதிரியே பதில் போட்டுக்கிட்டு இருந்தேன். எப்பவும் நான்தானே எழுதுறது, அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அக்கா போயிருச்சுன்னு நான் சொல்லல. சொன்னா அங்கயும் அக்கா செத்துரும். ஒரு நாட்டுலயாச்சும் உசுரோட இருக்கட்டும்னு நெனச்சேன். இது கிறுக்குத்தனம்னு எனக்கே தெரியும்.

அம்மாதான் ஒரு நாள், "அந்தக் கோழிய அனுப்பு. காசு வாங்குன சாமான் வீட்டுல இருக்கக் கூடாது. ஒங்கக்காவும் கேப்பா"ன்னு சொல்லுச்சு. நான் ரெண்டாவது கால வச்சேன். நொண்டத்தான் செஞ்சுச்சு.

கடைக்குத் தனியாத்தான் போனேன். மிஸ் பொட்டிய வாங்கிட்டு, "அக்கா எங்க?"ன்னு கேட்டாங்க. "வீட்டுல"ன்னு சொன்னேன். பொறவு வழக்கமா கேக்குறதக் கேட்டாங்க.

"கீயத நங்கி வட்டினாகம?"

வித்த வெலையச் சொல்லணும்னு எனக்குத் தெரியும். ஆனா வாயில வரல. ஆறாயிரத்தி ஐநூறுன்னு எழுதுனா, வழியில இருக்குறவங்களுக்கு அது ஆறாயிரத்தி ஐநூறு ரூவாச் சாமான். தூக்கி எறிவாங்க, மேல வேற பொட்டிய வைப்பாங்க, அவுஸ்திரேலியா ஆடு மாதிரி எங்கயாச்சும் போட்டுட்டுப் போயிருவாங்க. பெறுமதி பெருசா இருந்தா பயந்து, மடியில வச்சுக் கொண்டுபோவாங்கன்னு எம்புத்திக்குப் பட்டுச்சு. அக்கா தச்ச கடைசிக் கோழி. இத்தன வருசம் லயத்துல எல்லாரும் பாதி சொன்னதுக்கெல்லாம் சேத்து நான் ஒரே அடியாச் சொன்னேன்.

"எழுவத்தஞ்சாயிரம்."

மிஸ் கண்ணாடிய எறக்கி என்னப் பாத்தாங்க. "நங்கி, உள்ள என்ன இருக்கு?"

"கோழி."

"துணிக்கோழிதானே?"

"பெரிய கோழி மிஸ்."

பொட்டி என் முழங்கை நீளங்கூட இல்ல. மிஸ் இன்னொரு தடவ கேட்டாங்க, நான் இன்னொரு தடவ எழுவத்தஞ்சாயிரம்னேன். பின்னால ஆளுங்க நின்னாங்க, சரின்னு அடிச்சுட்டாங்க. அவ்வளவு பெறுமதிக்கு இன்சூரன்ஸ் கட்டவே எங்கிட்ட இருந்த சல்லியெல்லாம் போயிருச்சு. கோழி வித்த காசவிட கோழிய அனுப்புன காசு கூட. எனக்குக் கவல இல்ல. பஸ்ஸுல நிம்மதியாத் தூங்கிக்கிட்டு வந்தேன்.

அதுக்கப்பறம்தான் அந்த மெசேஜ் வந்துச்சு. எங்க லயத்துல சிக்னல் கெடையாது, ரோடு வளையுற முடக்குக்குப் போகணும். மச்சான் அங்கதான் த்ரீவீல நிப்பாட்டுவாரு. பின் சீட்டுல உக்காந்து வாசிச்சேன்.

"அன்பான நண்பரே, உங்கள் கோழி சுங்கத்தில் அமர்ந்திருக்கிறது. அதன் மதிப்பு மிகவும் உயர்ந்ததாக எழுதப்பட்டுள்ளது. நான் ஏழை அல்ல, ஆனால் நான் ராணியும் அல்ல."

அதுக்குக் கீழ கஸ்டம்ஸ்ல குடுத்த கடுதாசியோட படம். கோழிக்கு வரி கட்டணும். அந்த வரியில எங்ககிட்ட ரெண்டு மூணு கோழி வாங்கலாம். இல்லன்னா இதோட நெசமான வெல இவ்வளவுதான்னு வித்தவங்ககிட்ட இருந்து எழுத்துல வாங்கிட்டு வரணும். கெடு முடிஞ்சா திருப்பி அனுப்பப்படும், அல்லது அழிக்கப்படும்.

அழிக்கப்படும்னு போன் தமிழாக்குன அந்த வார்த்தைய நான் எத்தன தடவ வாசிச்சேன்னு தெரியாது. பத்திரமாப் போகணும்னுதான் நான் பெருசா எழுதுனேன். அதனாலதான் இப்ப அத அழிக்கப் போறாங்க.

வீட்டுல சொன்னேன். அம்மாவுக்கு வெளங்கல. "கோழிக்கு எதுக்கு வரி? அது அங்க போயி முட்டையா போடப் போகுது?"ன்னு கேட்டுச்சு.

"நான் வெலையக் கூட்டி எழுதிட்டேம்மா."

"எம்புட்டு?"

சொன்னேன். அம்மா வெரல விட்டு எண்ணிப் பாத்துச்சு. பொறவு, "எழுவத்தஞ்சாயிரத்துக்கு மாடு வாங்கலாமேடி"ன்னு மட்டும் சொல்லுச்சு.

மச்சான் சோத்துல இருந்து நிமிந்தாரு. ரொம்ப நாளைக்கு அப்பறம் அவராப் பேசுனாரு. "காலையில வண்டிய எடுக்குறேன். கடைக்குப் போவோம்."

கடையில அன்னைக்குக் கூட்டம். மிஸ் அந்தக் கடுதாசியப் பாத்த ஒடனே, "நான் சொன்னேன்தானே நங்கி"ன்னு ஆரம்பிச்சாங்க. "ஒனக்கு எவ்வளவு பெறுமதின்னு கஸ்டம்ஸ் கேக்கல. எவ்வளவுக்கு வித்தன்னுதான் கேக்குறாங்க. ஒங்கக்காவுக்குத் தெரியுமே இது. அவங்களக் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

மச்சான்தான் பின்னால நின்னுக்கிட்டு சொன்னாரு. "அக்கா இல்ல மிஸ். மோசம் போயிட்டா. அந்தக் கோழி அவ தச்சது."

மிஸ் கைய கீபோர்ட்ல இருந்து எடுத்துட்டாங்க. "அனே நங்கி"ன்னாங்க. பொறவு கவுண்டர் பலகையத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வந்து எங்கையப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. வரிசையில ஒரு ஐயா, "மிஸ், எங்களுக்கு பஸ் இருக்கு"ன்னாரு. மிஸ் அவரு பக்கம் திரும்பாமலே, "அடுத்த பஸ்ஸும் அதே ரோட்டுலதான் போகும்"னு சொன்னாங்க. அவரு பொட்டிய கீழ வச்சிட்டு அது மேலயே உக்காந்துக்கிட்டாரு.

மிஸ் சரியான வெலையப் போட்டு ஒரு பில் அடிச்சுக் குடுத்தாங்க. ஜெர்மனி அம்மா சல்லி அனுப்புனதுக்கு பேங்க் துண்டு மச்சான்கிட்ட இருந்துச்சு. "இது போதாது. ஏன் கூட எழுதுனன்னு நீயே ஒரு கடுதாசி எழுதி, அந்தம்மாகிட்ட குடு. கத கட்டாத, நடந்தத எழுது"ன்னாங்க.

முடக்குல வண்டிய நிப்பாட்டுனோம். பனி எறங்கி ரோடே தெரியல. நான் போன வச்சுக்கிட்டே இருந்தேன்.

"எழுது புள்ள"ன்னாரு மச்சான்.

"எழுதுனா அவங்களுக்குத் தெரிஞ்சிரும் மச்சான்."

"என்ன தெரிஞ்சிரும்?"

"அக்கா இல்லைன்னு. அவங்களுக்கு இன்னும் தெரியாது."

மச்சான் கண்ணாடியில என்னப் பாத்தாரு. திட்டுவாருன்னு நெனச்சேன். "நானும் அவ நம்பர அழிக்கல"ன்னாரு. "போன வாரம் கூட ஒரு ஹயர் முடிஞ்சதும் சாப்பிட வர்றேன்னு அடிக்கப் போயிட்டேன்." பொறவு, "நாம சொல்லலைன்னா கோழிய எரிச்சிருவாங்க புள்ள. அவ கையால செஞ்சது"ன்னாரு.

எழுதுனேன். தமிழ்ல எழுதி போன மாத்தச் சொன்னேன். அது ஒளறுதான்னு பாக்க மறுபடி தமிழுக்கு மாத்திப் பாத்தேன், ஒளறல. இதத்தான் எழுதுனேன்:

"அம்மா, கஸ்டம்ஸ் ஐயா, இந்தக் கோழிய நாங்க ஆறாயிரத்தி ஐநூறு ரூவாய்க்குத்தான் வித்தோம். பேங்க் துண்டு இருக்கு. இது எங்க அக்கா கடைசியாத் தச்சது. கோழிய முடிக்கிறதுக்கு முன்னாடி அக்கா செத்துப்போயிருச்சு. ஒரு கால் நான் வச்சது. வழியில தொலைஞ்சிரக் கூடாதுன்னு பயந்து பெறுமதியக் கூட்டிப் போட்டேன். வேற காரணம் இல்ல. வித்த வெல ஆறாயிரத்தி ஐநூறுதான். அம்மா, அக்கா இல்லைன்னு இவ்வளவு நாளா ஒங்ககிட்ட சொல்லாததுக்கு மன்னிச்சுக்குங்க."

பில்லையும் பேங்க் துண்டையும் படம் புடிச்சுச் சேத்து, அனுப்புற பட்டனை அமுத்துனேன். அழுகை வரும்னு பாத்தேன், வரல. பசிதான் வந்துச்சு. மச்சான் எறங்கிப் போயி ரெண்டு உளுந்து வட வாங்கிட்டு வந்தாரு. சூடா இருந்துச்சு. ரெண்டு பேரும் பனியப் பாத்துக்கிட்டே தின்னோம்.

பதில் வரல. மறுநாளும் வரல. அக்கா இல்லைன்னு தெரிஞ்சதும் அந்தம்மா கோவிச்சுக்கிட்டாங்கன்னு நெனச்சேன். அம்மா மலையில இருந்து வந்ததும் வராததுமா, "கோழி என்னாச்சு?"ன்னு கேக்கும். மலையில வேல வாங்குற கண்டாக்கு ஐயா வரைக்கும் தெரிஞ்சிருக்கு போல. காலையில பெரட்டுல வேலைக்குப் பேரு கூப்பிடும்போது அம்மாகிட்ட, "ஒங்க கோழி வந்துருச்சா, ஜெயில்லதான் இருக்கா?"ன்னு கேட்டாராம். அம்மாவுக்கு அதுல ஒரு பெருமை.

பொறவு ஒரு சனிக்கெழம அம்மாவக் கூட்டிக்கிட்டு மூணு பேருமா டவுனுக்குப் போற வழியில, முடக்குக்கு வந்ததும் போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மெசேஜ் மேல மெசேஜ். மச்சான் வண்டிய ஓரங்கட்டுனாரு.

மொத படத்துல ஒரு மேச. மேச மேல எங்க பொட்டி. சீருடை போட்ட ஒரு பெரிய மீசைக்காரரு கத்தி வச்சு பொட்டியக் கிழிச்சுக்கிட்டு இருக்காரு. ரெண்டாவது படத்துல பொட்டியில இருந்து செவப்புக் கழுத்து மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. அந்த மீசைக்காரரு மூஞ்சியும் கோழி மூஞ்சியும் நேருக்கு நேரு. ரெண்டும் சிரிக்கல.

நான் சத்தமா வாசிச்சேன், அம்மாவுக்கும் கேக்கணும்னு.

"அன்பான மகளே, உங்கள் கடிதத்தை நான் அதிகாரிக்கு எங்கள் மொழியில் வாசித்தேன். நடுவில் நான் நிறுத்த வேண்டியிருந்தது. அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். அவர் கழுத்தைப் பார்த்து, பொருள் சேதமடைந்துள்ளது, முடி உதிர்ந்துவிட்டது, உங்களிடம் காப்பீடு உள்ளது, நீங்கள் பணம் கேட்கலாம் என்றார். நான் சொன்னேன், இல்லை ஐயா, இவர் பிறவியிலேயே இப்படி."

அம்மாவுக்கு அந்த போன் தமிழ் வெளங்கல. நான் திருப்பி எங்க பேச்சுல சொன்னேன். "கழுத்துல மயிரு கொட்டிப் போச்சாம், அதுக்கு இன்சூரன்ஸ் வாங்கிக்கச் சொல்லியிருக்காரும்மா."

"அப்ப எங்கிட்ட இருக்குற கோழிக்கும் வாங்கலாமா?"ன்னு அம்மா கேட்டுச்சு.

மச்சானோட முதுகு குலுங்குச்சு. நான் கவனிக்காத மாதிரி வாசிச்சேன்.

"விற்ற விலைக்குத்தான் வரி போட்டார், அது சிறியது. அவர் இரண்டாவது காலைத் தொட்டுப் பார்த்து, இது தங்கையா என்று கேட்டார். ஆம் என்றேன். மகளே, நீங்கள் என்னிடம் இதைச் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம் இல்லை. பதில் எழுத எனக்குச் சில நாட்கள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். உங்கள் அக்காவின் பெயரை எனக்கு அனுப்புங்கள். நீங்கள் எப்போதும் நாங்கள் என்றே எழுதினீர்கள். நான் அவர் பெயரை இந்தக் கோழியின் அடியில் நூலால் தைக்க விரும்புகிறேன்."

அக்கா பேர இங்கிலீசுல ஒவ்வொரு எழுத்தாப் பாத்துப் பாத்து அடிச்சு அனுப்புனேன். இப்பத்தான் அழுக வந்துச்சு. ஆனா அது கெட்ட அழுக இல்ல. அம்மா முந்தானையால எம்மூஞ்சியத் தொடச்சுட்டு, "இன்னொரு படம் இருக்கு பாரு, அத காட்டு"ன்னுச்சு.

கடைசிப் படத்துல ஜெர்மனி அம்மா பஸ்ஸுல உக்காந்திருக்காங்க. யாரோ பக்கத்துல இருந்தவங்க எடுத்திருக்காங்க. வெள்ள முடி, நீலக் கோட்டு. பொட்டி இல்ல, பை இல்ல. கோழி மடியில உக்காந்து ஜன்னல் வழியா வெளிய பாக்குது.

அம்மா போன வாங்கி மூஞ்சிக்குக் கிட்ட வச்சு ரொம்ப நேரம் பாத்துச்சு.

"ஏன்டி, நம்ம பஸ்ஸுல கோழி கொண்டுபோனா கண்டக்டர் எறக்கி விடுறான். அங்க இதுக்கு டிக்கெட் எடுத்திருப்பாங்களா?"

அவ்வளவுதான். மச்சான் ஸ்டியரிங் மேல தலைய வச்சுக்கிட்டு சிரிக்க ஆரம்பிச்சாரு. மொதல்ல சத்தமே வரல, தோளு மட்டும் ஆடுச்சு, பொறவு வண்டியே ஆடுச்சு. அம்மாவுக்கு எதுக்குச் சிரிக்கிறாருன்னு வெளங்கல. "நான் நெசமாத்தான் கேக்குறேன் மாப்பிள்ள"ன்னு அது சொல்ல, எனக்கும் அடக்க முடியல.

அந்த நேரம் பாத்து பனிக்குள்ள இருந்து ஒருத்தரு ரெண்டு மரக்கறிப் பையோட வந்து, "அட்டனுக்கா போறீங்க? வரலாமா?"ன்னு கேட்டாரு. மச்சான் பதில் சொல்லப் பாக்குறாரு, வாயத் தொறந்தா சிரிப்புதான் வருது, கைய மட்டும் ஆட்டுறாரு. அந்த ஆளு பயந்துட்டாரு, ஒரு எட்டு பின்னால வச்சாரு.

"ஏறுங்கண்ணே"ன்னு நான்தான் சொன்னேன். அம்மா நகந்து எடம் குடுத்துச்சு.